மூன்று நெகட்டிவ், ஒரு பிடி: வாசகர் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் பற்றி சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை நோயைப் பற்றித்தான் கேட்டிருந்தன. வேகமாக வளரும், இளம் வயதிலேயே வரும், ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் எழுதப்படும் வகை அது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை. என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நான் மருத்துவர் இல்லை, புற்றுநோய் செல்களை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

கேள்வி: என் தங்கைக்கு 36 வயது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் ‘நெகட்டிவ்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷமே இல்லை. வெளியே வந்து தேடிப் பார்த்தபோதுதான் அது ஆபத்தான வகை என்று தெரிந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நெகட்டிவ் என்றால் ஏன் மோசம்?

பதில்: அம்மா கும்பிட்டதில் தவறே இல்லை. மற்ற எல்லாப் பரிசோதனையிலும் நெகட்டிவ் என்றால் நல்ல சேதிதானே, இங்கே மட்டும் அந்த வார்த்தை ஆளை ஏமாற்றிவிடுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒன்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, இன்னொன்று புரொஜெஸ்டிரோனுக்கான ஏற்பி, மூன்றாவது ஹெர்-2. இந்த மூன்றும் நோய்க்குத் தீனி போடும் வழிகள், அதே சமயம் நாம் நோயைப் பிடித்து இழுப்பதற்கான பிடிகளும் அவைதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் அதை அடைக்கும் மாத்திரை இருக்கிறது, ஹெர்-2 இருந்தால் அதன்மேல் போய் ஒட்டும் மருந்து இருக்கிறது. மூன்றுமே இல்லை என்றால் அந்தப் பழைய மருந்துகளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. ‘நெகட்டிவ்’ என்பதன் பொருள் அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடமும், அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் பிராக்கா-1 மரபணுவில் பிழை உள்ளவர்களிடமும் அதிகம் பார்க்கிறோம்.

இணையத்தில் தேடும்போது கண்ணில் படாத இரண்டு விஷயங்களை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலாவது, வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ நன்றாகத் தாக்கும், அதனால் இந்த வகைக் கட்டி கீமோவுக்கு மற்ற வகைகளைவிட நன்றாகவே கரைகிறது, அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்து, பிறகு வெட்டி எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல்லே மிச்சமில்லாமல் போன பெண்கள் நிறைய, அப்படி முழுதாகக் கரைந்தவர்களுக்கு நோய் திரும்பி வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. இரண்டாவது, திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும், ஐந்து வருடம் கடந்தால் ஆபத்து நன்றாக இறங்கிவிடும். ஹார்மோன் வகையில் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட வருவதுண்டு. ஆக இது ஆரம்பத்தில் கடுமையாக ஓட வேண்டிய ஓட்டம்.

அப்புறம், ‘ஆபத்தான வகை’ என்ற பேரும் நிரந்தரமில்லை. 1987-ல் டென்னிஸ் ஸ்லேமன் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் ஹெர்-2 மிகுந்த கட்டி உள்ள பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று காட்டியபோது, அதுதான் எல்லோரும் பயந்த வகை. 1998-ல் ஹெர்-2 மேல் போய் ஒட்டும் ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்து வந்தது. 2005-ல், அறுவைக்குப் பிறகு அதைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது. எந்தப் புரதம் நோயை மோசமாக்கியதோ அதுவே பிடியாக மாறியது. ட்ரிப்பிள் நெகட்டிவுக்கும் அப்படி ஒரு பிடியைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன, சில பிடிகள் கிடைத்தும்விட்டன.

கேள்வி: ‘புற்றுநோய்க்குப் புதிய இலக்கு கண்டுபிடிப்பு’ என்று வாராவாரம் செய்தி வருகிறது. அவ்வளவு கண்டுபிடித்தும் என் மனைவிக்குக் கொடுப்பது அதே கீமோதான். இந்தச் செய்திகள் எல்லாம் பொய்யா?

பதில்: பொய் இல்லை, ஆனால் பாதையின் எந்த இடத்தில் நிற்கும் சேதி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆய்வகத்துக்குள் இருந்த எனக்கே அது வந்திருக்கிறது.

‘இலக்கு’ என்று ஆய்வாளர் சொன்னால், அந்தப் புற்றுநோய் செல் உயிர் வாழ எதை நம்பியிருக்கிறதோ, அல்லது நல்ல செல்லில் இல்லாத அளவுக்கு எதைத் தன் மேல்பரப்பில் சுமக்கிறதோ அந்தப் பொருள். இன்றைக்கு கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் ஒரு செல்லின் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். எதை அணைத்தால் செல் சாகிறது என்று பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கில் பெயர்கள் வரும். அதில் பெரும்பாலானவை இதயத்துக்கும் குடலுக்கும்கூட அவசியமானவை, அவற்றைத் தொட்டால் நோயாளியும் சேர்ந்து போய்விடுவார். சில புரதங்களில் மருந்து உட்கார ஒரு குழிகூட இருக்காது. மிக் என்ற புரதம் இந்த வகைக் கட்டிகளில் அடிக்கடி மிகையாக வேலை செய்வது பல வருடமாகத் தெரியும், ஆனால் அதன்மேல் ஒட்டி நிற்கும் மருந்து செய்வது இன்றுவரை பெரும்பாடு.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தால் சுண்டெலி. மனிதக் கட்டியை எலிக்குள் வளர்க்க வேண்டும் என்றால், அது அந்நியத் திசுவை விரட்டாமல் இருக்க எதிர்ப்புச் சக்தி இல்லாத எலி வேண்டும். அந்த எலியில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைச் சோதிக்க முடியாதே! அதற்கு 4டி1 என்ற எலிச் செல்லைப் போல, எலியின் சொந்தப் புற்றுநோயைத்தான் நம்ப வேண்டும், ஆனால் எலியின் நோய் வேறு, நம் நோய் வேறு. ஒவ்வொரு மாதிரியும் ஒரு ஜன்னல், அதற்குள் தெரியும் அளவுக்குத்தான் பார்க்க முடியும்.

பிறகு மனிதர்கள். முதல் கட்டத்தில் எவ்வளவு டோஸ் தாங்கும், இரண்டாம் கட்டத்தில் பலன் தெரிகிறதா, மூன்றாம் கட்டத்தில் இப்போதுள்ள சிகிச்சையைவிட உண்மையிலேயே மேலா. இங்கேதான் நிறைய மருந்துகள் விழுகின்றன. இனிபாரிப் என்று ஒரு மருந்து. இரண்டாம் கட்டச் சோதனையில் இந்த வகை நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று முடிவு வந்து எல்லோரும் கொண்டாடினோம். 2011-ல் மூன்றாம் கட்ட முடிவு வந்தது, பலன் நிரூபணமாகவில்லை. பிறகு ஆய்வகங்கள் திரும்பிப் பார்த்தால், எந்தப் புரதத்தை அது அடைக்கிறது என்று நம்பினார்களோ அதை அது சரியாக அடைக்கவே இல்லை. செல்லுக்குள் மருந்து தன் இலக்கைத் தொடுகிறதா என்ற அடிப்படைக் கேள்வியை முன்பே அழுத்திக் கேட்டிருந்தால் எத்தனை பேரின் நேரம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பாதையை முழுதாகக் கடந்தவையும் உண்டு. ட்ரோப்-2 என்ற புரதம் பெரும்பாலான ட்ரிப்பிள் நெகட்டிவ் செல்களின் மேல்பரப்பில் இருக்கிறது. அதைத் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் முதுகில் எஸ்என்-38 என்ற கடுமையான கீமோ மருந்தைக் கட்டி அனுப்பினார்கள். செல் ஆன்டிபாடியை உள்ளே இழுக்கும்போது விஷமும் கூடவே உள்ளே போய்விடும். சாசிடுஸுமாப் கோவிடெக்கான் என்ற இந்த மருந்து அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்றது. ஏற்கெனவே பல கீமோ பார்த்து, நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களிடம் நடந்த அசென்ட் சோதனையில், வழக்கமான கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 6.7 மாதம், இதை எடுத்தவர்களுக்கு 12.1 மாதம். இந்த எண்ணைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று சிலர் கேட்கிறார்கள். பல வருடமாக எதுவும் அசைக்க முடியாத இடத்தில் வந்த எண் அது, எனக்கு அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை. உங்கள் மனைவியின் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பரவிய நிலை என்றால் இந்த வகை மருந்து பொருந்துமா என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: ஒரு மூலிகைச் சாறு ஆய்வகத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களைக் கொன்றதாக வீடியோ பார்த்தேன். கீமோவோடு சேர்த்து எடுக்கலாமா?

பதில்: டாக்டருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். தட்டில் வளரும் செல்லின்மேல் உப்பைக் கூட்டிப் போட்டாலும் சாகும், சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அதே அளவில் நல்ல செல்கள் பிழைத்தனவா, அந்தச் செறிவு வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வருமா, மனிதர்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்களா. இந்த மாதிரி வீடியோக்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். சில மூலிகைகள் கல்லீரல் கீமோவை உடைக்கும் வேகத்தை மாற்றிவிடும், மருந்து குறைந்துபோகவும் செய்யும், விஷமாகக் கூடவும் செய்யும். தாவரங்களை நான் மட்டமாகச் சொல்லவில்லை, இந்த நோய்க்கு முக்கியமான பாக்லிடாக்ஸெல் கீமோவே யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பட்டையைக் காய்ச்சிக் குடித்து வந்த மருந்து இல்லை, பிரித்தெடுத்து, அளந்து, வருடக்கணக்கில் சோதித்து வந்தது.

கேள்வி: நான் உயிரியல் படிக்கும் மாணவி. ஆய்வகத்தில் எங்களுக்கு ‘எம்டிஏ-எம்பி-231’ என்று எழுதிய குப்பியைக் கொடுத்தார்கள். இந்தச் செல்கள் யாருடையவை? அவருக்குத் தெரியுமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. நான் முதல் நாள் கேட்கவில்லை, பல மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

1973-ல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில், 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்கள் அவை. மார்பில் தொடங்கிய நோய் அங்கே வரை பரவியிருந்தது. உலகத்தில் ட்ரிப்பிள் நெகட்டிவ் பற்றி எழுதப்படும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும் பகுதி இந்த ஒரு பெண்ணின் செல்களை நம்பித்தான் நிற்கிறது. அதேபோல ஹார்மோன் வகைக்குப் பயன்படும் எம்சிஎஃப்-7 செல்கள் 1970-ல் ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து கிடைத்தவை. அந்தக் காலத்தில் இன்றைக்குப் போல விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்கும் வழக்கம் சரியாக இல்லை. ஆகவே குப்பியைத் திறக்கும்போது ஒரு நொடி அவரை நினைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்வேன்.

படிப்பு விஷயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அதே குடும்பப் பெயர் கொண்ட எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று நம்பிப் பல வருடம் கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். 2000-ல் அதன் மரபணு நடத்தையைப் பார்த்தால் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்லில் வரும் புற்றுநோய்போல இருந்தது. பிறகு எம்14 என்ற மெலனோமா செல்லும் இதுவும் ஒன்றுதான் என்று உறுதியானது. எங்கோ ஒரு ஆய்வகத்தில் ஒரு குப்பி மாறியதன் விலை அது. உங்கள் குப்பியில் இருப்பது அந்தச் செல்தானா என்று டிஎன்ஏ கைரேகைப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அதோடு, ஐம்பது வருடமாக பிளாஸ்டிக்கில் வளர்ந்த செல், உடம்புக்குள் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்காது. இதனால்தான் இப்போது நோயாளியின் கட்டியிலிருந்து நேரடியாக ஆர்கனாய்டு எனப்படும் குட்டிக் கட்டிகளை ஜெல்லுக்குள் முப்பரிமாணத்தில் வளர்க்கிறார்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பது ஒரு நோயே இல்லை, பல நோய்களைப் போட்டு வைத்த ஒரே பெட்டி. 2011-ல் லேமன் என்ற ஆய்வாளரின் குழு மரபணு நடத்தையை வைத்து ஆறு உட்பிரிவுகளாகப் பிரித்தது, பிறகு அதை நான்காகச் சுருக்கினார்கள். அதில் ஒன்று ஆண் ஹார்மோன் ஏற்பியால் ஓடும் வகை, இன்னொன்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே குப்பியை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: எனக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ், பிராக்கா-1 பாசிட்டிவ். வயது 41. மரபணுவே கெட்டுப்போயிருந்தால் மருந்து என்ன செய்யும் என்று தோன்றுகிறது. மகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: உங்களுக்கு நான் சொல்லப்போவது இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கெட்டுப்போன மரபணுதான் இங்கே பிடி.

டிஎன்ஏ தினமும் அறுபடும், செல் தினமும் தைக்கும். இரண்டு இழையும் அறுந்தால் பிழையில்லாமல் தைப்பது பிராக்கா புரதங்களின் வேலை. ஒரு இழை மட்டும் அறுந்தால் பார்ப் என்ற புரதம் கூப்பிட்டு வரும் கூட்டம் தைக்கும். உங்கள் உடம்பின் மற்ற செல்களில் பிராக்கா-1-ன் ஒரு நல்ல நகல் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கின்றன. கட்டியில் பெரும்பாலும் அந்த நல்ல நகலும் போயிருக்கும். இப்போது பார்ப்பையும் மருந்தால் அடைத்தால்? நல்ல செல் பிழைத்துக்கொள்ளும், புற்றுநோய் செல்லுக்கு இரண்டு தையற்காரர்களும் இல்லை, அறுந்த டிஎன்ஏ குவிந்து சாகும். 2005-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை ஆய்வகத்தில் காட்டின. பிராக்கா இல்லாத செல்கள் அந்த மருந்துக்கு அசாதாரணமாகப் பணிந்தன. அந்தத் தட்டிலிருந்து 2018-ல், பிறவியிலேயே பிராக்கா பிழை உள்ளவர்களின் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு ஒலாபாரிப் மாத்திரை அனுமதி வரை வந்தது, பதின்மூன்று வருடம்.

ஆரம்ப நிலைக்கும் இப்போது பயன் உண்டு. நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, மற்ற சிகிச்சை முடிந்தபின் ஒரு வருடம் ஒலாபாரிப் கொடுத்த ஒலிம்பியா சோதனையில், மூன்று வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85.9 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 77.1. ரத்தசோகை, குமட்டல், சோர்வு வரும், அதை மறைக்கவில்லை. சில கட்டிகள் பிராக்கா பிழையைத் தாங்களே சரிசெய்துகொண்டு தப்பிவிடுவதும் உண்டு, அதை எப்படி மறிப்பது என்பதுதான் இப்போதைய ஆய்வு.

மகளைப் பற்றி: அவளுக்கு அந்தப் பிழை போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, போகாமலிருக்கவும் அதே பாதி. மகன் இருந்தால் அவனுக்கும் அதே கணக்குத்தான், ஆண்கள் வழியாகவும் இது இறங்கும் என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அவள் சிறு பெண் என்றால் இப்போதே பரிசோதனை தேவையில்லை, வயது வந்தபின் மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து அவளே முடிவு செய்யட்டும். தெரிந்துகொண்டு வளரும் பெண்ணுக்கு முன்கூட்டியே எம்ஆர்ஐ போன்ற கண்காணிப்பு இருக்கிறது, உங்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்களால் அவளுக்குக் கிடைக்கப்போகும் நேரம் அது. இன்று கொஞ்சமாவது தூங்குங்கள்.

கேள்வி: இம்யூனோதெரபி எல்லா ட்ரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. இம்யூனோதெரபி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்மேல் ஏவிவிடும் சிகிச்சை. இரண்டு, மூன்றாம் நிலையில், அறுவைக்கு முன் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இந்த வகை மருந்தைச் சேர்த்த கீநோட்-522 சோதனையில் கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் 51.2-லிருந்து 64.8 சதவீதமாக உயர்ந்தார்கள், ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்களும் 81.7-லிருந்து 86.6 சதவீதம் ஆனார்கள். இந்த நிலையில், எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் பிடி-எல்1 என்ற புரதத்துக்கான பரிசோதனை முடிவு எதுவானாலும் பலன் தெரிந்தது. நோய் பரவிய நிலையில் கதை வேறு, பிடி-எல்1 போதிய அளவு இருந்தால் மட்டுமே கொடுப்பார்கள். தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதும் உண்டு, அதனால் ஊசி போட்டபின் வரும் அசாதாரணச் சோர்வைக் கீமோ களைப்பு என்று விட்டுவிடாமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு படிவம் தந்தார்கள். எனக்கு அதனால் லாபம் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடவா?

பதில்: நேர்மையான படிவம். உங்கள் சிகிச்சைக்குத் தேவையான பரிசோதனைகள் முடிந்து மிஞ்சும் துணுக்கைத்தான் எடுக்கிறார்களா, உங்கள் பெயர் இல்லாமல் எண்ணாக வைப்பார்களா, பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா, இந்த மூன்றையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம், சிகிச்சை அதனால் மாறக் கூடாது. போடுவதாக இருந்தால், கீமோவுக்குப் பிறகும் மிஞ்சி நின்ற கட்டி என்றால் அது ஆய்வாளருக்கு இன்னும் அரிது, எது தப்பித்தது என்று அதில்தான் பார்க்க முடியும். ஐஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் காத்திருந்த நாட்கள் உண்டு. துணுக்கு கைக்கு வந்த அரை மணிக்குள் நறுக்கி ஜெல்லில் வைத்துவிடுவோம், மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் அவை உருண்டையாகத் திரண்டிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுவோம்.